கேள்வி–பதில்: உங்கள் பையன் கேட்பது ரோபோ இல்லை

கேள்வி: லீவில் என் பத்து வயது மகனோடு 'ரான்ஸ் கான் ராங்' அனிமேஷன் படம் பார்த்தேன். படம் முடிந்ததிலிருந்து தனக்கும் ஒரு ரோபோ நண்பன் வேண்டும் என்று ஒரே அடம். மனிதர்களிடமிருந்து குழந்தைகளைப் பிரித்து மெஷினிடம் ஒப்படைக்கும் இந்த மாதிரிப் படங்களை 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று நீங்கள் எழுதுவது நியாயமா? இது ரோபோ கம்பெனிகளுக்கு இலவச விளம்பரம் இல்லையா? என் ஆறு வயது மகள் கடைசியில் அழுதே விட்டாள், அது தனிக் கதை.
– பெயர் போட வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: விளம்பரமா? தன் பொருளை விற்க ஒரு கம்பெனி இப்படிப் படம் எடுத்தால், எடுக்கச் சொன்ன ஆளை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பார்த்த படத்தில் ரோபோ தயாரிக்கும் 'பபிள்' கம்பெனியின் மேலிடத்து ஆள்தான் வில்லன். பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள், எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்று அந்தக் குட்டி மெஷின்கள் வழியாகவே தெரிந்துகொண்டு, இன்னும் எதை அவர்கள் தலையில் கட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர். கதாநாயக ரோபோவான ரானோ அந்தக் கம்பெனியின் கழிவுச் சரக்கு. லாரியிலிருந்து விழுந்து அடிபட்டு, நெட்வொர்க்கோடு சேர முடியாமல், பார்னி என்ற பையனை 'அப்சலம்' என்று கூப்பிட்டுக்கொண்டு திரியும் டப்பா. கம்பெனி அதைத் தேடிப் பிடித்து நசுக்கப் பார்க்கிறது. இதையெல்லாம் கடைசி வரை பார்த்த பிறகும் இப்படி ஒரு கேள்வியா? பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் படத்துப் பள்ளிக்கூடத்தை யோசித்துப் பாருங்கள். பார்னியைத் தவிர எல்லோரிடமும் ஒரு ரோபோ. ஒவ்வொன்றும் தன் எஜமானக் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்துவைத்துக்கொண்டு, அதே ரசனையுள்ள இன்னொரு குழந்தையைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துகிறது. யாரும் யாரிடமும் போய் வலியப் பேச வேண்டாம், அசடு வழிய வேண்டாம், சண்டை போட்டுச் சமாதானமாக வேண்டாம். இவ்வளவு வசதி இருந்தும் இடைவேளையில் ஒவ்வொருவனும் தன் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ரானுக்குப் பார்னியைப் பற்றி எதுவுமே தெரியாது. அதனால் பார்னி உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எனக்கு இது பிடிக்கும், இதைச் செய்தால் நண்பன், இதைச் செய்தால் இல்லை என்று. அந்த லூசும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் நட்புக்கு விண்ணப்பம் கொடுக்கக் கிளம்புகிறது. அந்த இடத்தில் சிரிக்காத பெரியவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அப்போதுகூட பார்னி தனக்கு வேண்டியதைத்தான் அதற்குப் பழக்கிக்கொண்டிருக்கிறான். பிரியம் இரண்டு பக்கமும் ஓட வேண்டும் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைக்கிறது.

இது ஒரு படத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. ரோபோவோடு நட்பு என்று வந்த நல்ல அனிமேஷன் படங்களில் ரோபோ எப்போது நண்பன் ஆகிறது என்று கவனித்தால், எந்த வேலைக்காக அதைச் செய்தார்களோ அந்த வேலையை அது செய்யாமல் விடும்போதுதான். 1999-இல் வந்த 'தி அயர்ன் ஜயண்ட்' பாருங்கள். கதை நடப்பது 1957-இல், ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேலே சுற்றிக்கொண்டிருக்க அமெரிக்காவே வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் மெயின் என்ற மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்ப் பையனுக்கு வானத்திலிருந்து விழுந்த ராட்சத இரும்பு மனிதன் கிடைக்கிறான். பையன் விளையாட்டுத் துப்பாக்கியை நீட்டினாலே இவன் உடம்பு தானாக ஆயுதமாக மாறுகிறது, ஏனென்றால் அவன் அதற்காகச் செய்யப்பட்டவன். ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, துப்பாக்கியாக இருக்க அதற்கே விருப்பம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் ஸ்டுடியோவிடம் இயக்குநர் பிராட் பேர்ட் சொன்ன கதை. அவருடைய சகோதரி துப்பாக்கிக்குப் பலியானவர் என்று தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், படம் வேறு மாதிரி கனக்கும். தியேட்டரில் அது போட்ட காசையே எடுக்கவில்லை, அது வேறு விஷயம். 2024-இல் வந்த 'தி வைல்ட் ரோபோ'வில் ராஸும் இப்படித்தான். ஆளில்லாத தீவில் கரை ஒதுங்கி, கண்ணில் படும் மிருகத்திடமெல்லாம் 'உனக்கு என்ன வேலை செய்யணும்' என்று கேட்டுக் கேட்டு அடி வாங்கும் வேலைக்கார மெஷின். தன் தப்பால் அனாதையான வாத்துக் குஞ்சு ஒன்றை வளர்க்க ஆரம்பித்த பிறகு, உள்ளே எழுதிவைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக மீறித்தான் அது தாயாகிறது.

இப்போது நிஜமான கடைத்தெருவுக்கு வாருங்கள். உங்கள் பயம் நியாயமானது, இடம்தான் தப்பு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் 'எலிசா' என்று ஒரு புரோகிராமை வெளியிட்டார். நாம் டைப் செய்வதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு நம்மிடமே கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அது வெறும் புரோகிராம் என்று நன்றாகத் தெரிந்த அவருடைய செக்ரட்டரியே, அதோடு கொஞ்ச நேரம் பேசியதும், தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடமே சொன்னாராம். பெரியவர்களுக்கே அந்தக் கதி. 2020-இல் 'மாக்ஸி' என்ற ரோபோ வந்தது, குழந்தைகளுக்காகவே செய்தது, பேசும், கேட்கும், உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்லித்தரும், கடைசியாக விற்ற விலை சுமார் 800 டாலர். 2024 கடைசியில் அதைச் செய்த கம்பெனி பணமில்லாமல் மூடப்போவதாக அறிவித்தது. மாக்ஸியின் மூளை அதன் தலையில் இல்லை, கம்பெனியின் சர்வரில் இருந்தது, ஆகவே சர்வர் நின்றால் நண்பனும் நிற்பான். குழந்தைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதம் வேறு எழுதிக் கொடுத்தார்கள். படத்தில் ரான் போனால் யாருக்காகவோ போகிறான் என்றாவது இருக்கிறது. இங்கே காரணம் முதலீடு வரவில்லை என்பது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. விற்பனைக்கு வரும் பேச்சு மெஷின்களுக்கு நம்மைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் பிழைப்பு. அதனால் நாம் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிற பக்கமாகவே அவை சாயும். 'நீ செய்வது தப்புடா' என்று இடித்துச் சொல்லி, அதனால் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் போய், அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி வந்து நிற்பதற்கு அதில் வழி இல்லை. ரான் அப்படியா? சொன்ன பேச்சு கேட்காது, மானத்தை வாங்கும், எங்கே கூட்டிப் போனாலும் வம்பு. உங்கள் பையன் ஆசைப்பட்டது இந்தத் தொல்லைக்குத்தான். கடையில் போய் 800 டாலருக்குத் தேடினால் அது கிடைக்காது, பார்னியின் வகுப்பில் மற்றவர்கள் வைத்திருந்தார்களே, அந்த நல்ல பிள்ளை மெஷின்தான் கிடைக்கும். அதை அவனிடமே கேட்டுப் பாருங்களேன்: 'உனக்கு ரான் வேணுமா, மத்த பசங்க வெச்சிருந்தது வேணுமா?' பத்து வயதுப் பையன், பதில் சட்டென்று வரும். அதோடு அவன் வகுப்பில் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறான், யாரோடு வீடு திரும்புகிறான் என்பதையும் கேளுங்கள். ரோபோ கேட்டு அடம்பிடிக்கும் பையனுக்கு அந்தக் கேள்விகளில் பதில் சொல்ல முடியாத ஒன்று இருக்கலாம். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அவனிடம் பேசியிருக்கலாம் என்று சொன்னால் அடுத்த வாரம் கேள்வி அனுப்ப மாட்டீர்கள், பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, நீங்கள் பிடித்த இடத்தில் இல்லை. முக்கால்வாசிப் படம் ரானை ரானாக்குவது நெட்வொர்க் இல்லாததுதான் என்று காட்டிவிட்டு, முடிவில் அவனுடைய கோளாறையே நெட்வொர்க் வழியாக எல்லா ரோபோவுக்கும் அனுப்பிப் பிரச்சினையைத் தீர்க்கிறார்கள். மற்ற பிள்ளைகளிடமெல்லாம் ரோபோ அப்படியே இருக்கிறது, கம்பெனியும் இருக்கிறது, நல்லவர் கைக்கு வந்துவிட்டதாம். நல்ல முதலாளி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பத்து வயதுக்குப் போதும், எனக்குப் போதவில்லை. இந்த விஷயத்தில் 2023-இல் வந்த 'ரோபோ ட்ரீம்ஸ்' இன்னும் நேர்மையான படம். தனியாக வாழும் நாய் ஒன்று தபாலில் ரோபோவை வரவழைக்கிறது, கடற்கரையில் அது துருப்பிடித்து மாட்டிக்கொள்கிறது, கடற்கரையைப் பூட்டிவிடுகிறார்கள். படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. பிரிந்தவர்கள் பழையபடி சேரவும் மாட்டார்கள்.

மகள் அழுதாள் என்றீர்கள். அழட்டும், அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ரான் எங்கே போனான் என்று கேட்டால் திரும்பி வந்துவிடுவான் என்று மட்டும் புளுகி வைக்காதீர்கள். 'தி வைல்ட் ரோபோ' ஆறு வயதுக்குக் காட்டலாம், ஆரம்பத்தில் வாத்துக்கூடு நசுங்குகிற இடத்தில் பக்கத்தில் இருங்கள். 'அயர்ன் ஜயண்ட்'டை இன்னும் இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம், அணுகுண்டு என்றால் என்ன என்று விளக்க உங்களுக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். 'ரோபோ ட்ரீம்ஸ்' அவளுக்கு இப்போது வேண்டாம்.