டெஸ்டிங்கிலிருந்து டெவ்ஆப்ஸுக்கு மாற முடியுமா? எதில் தொடங்குவது?

நான்கு ஆண்டுகளாக டெஸ்டிங்கில் இருப்பதாகவும், உலாவியில் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் செலினியம் தவிர கோடிங் அனுபவம் அதிகம் இல்லை என்றும், மென்பொருளை உருவாக்குவதையும் அதைச் சர்வரில் ஓட்டிப் பராமரிப்பதையும் இணைக்கும் டெவ்ஆப்ஸுக்கு மாற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஐந்தாண்டுகள் டெஸ்டிங் செய்துவிட்டு மாறியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

என் பழைய குழுவில் ஒவ்வோர் இரவும் இத்தகைய வேலைகளைத் தானாக இயக்கும் ஜென்கின்ஸில் ரிக்ரஷன் டெஸ்டுகள் (பழைய வசதிகள் உடையவில்லையா என்று பார்ப்பவை) ஓடும். ஒருமுறை தொடர்ந்து மூன்று நாட்கள் பில்டு (நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்) பச்சையாகவே, அதாவது வெற்றி என்றே, இருந்தது. இவ்வளவு நாள் ஒன்றுகூட உடையாமல் இருக்காதே என்ற உறுத்தலில் அந்த ஓட்டத்தின் பதிவான லாகைத் திறந்து பார்த்தபோது, உள்ளே 14 டெஸ்டுகள் ஃபெயில் ஆகிக் கிடந்தன. டெஸ்டின் வெளியீட்டைக் கோப்பிலும் சேமிப்பதற்காக, யாரோ கட்டளையின் முடிவில் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குறி) போட்டு ‘டீ’ கட்டளையைச் சேர்த்திருந்தார்கள். பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளையின் எக்ஸிட் கோடைத்தான் (0 என்றால் வெற்றி) கட்டளைகளை இயக்கும் ஷெல் திருப்பித் தரும். டெஸ்ட் தோற்றாலும் ‘டீ’ தன் வேலையை ஒழுங்காக முடித்து 0 என்று சொல்லிவிடும். ஜென்கின்ஸும் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளும். பாஷ் ஷெல்லில், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று காட்டும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கியதும் பில்டு உடனே சிவப்பானது. பில்டு, டெஸ்ட் ஆகியவற்றை வரிசையாக ஓட்டும் பைப்லைனும் சோதிக்கப்பட வேண்டிய ஒரு மென்பொருள்தான் என்பது எனக்கு அன்று புரிந்தது. இது எங்கே தவறும் என்று கேட்டுப் பழகிய டெஸ்டருக்கு அந்த வேலை அந்நியமானதன்று.

2009 அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா முதல் டெவ்ஆப்ஸ்டேஸ் கூட்டத்தை நடத்தியதன் பின்னணியில் இருந்தது, நிரல் எழுதுபவர்களும் சர்வரைப் பராமரிப்பவர்களும் ஒருவர்மீது ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்த நிலைதான். அந்த இருவருக்கும் நடுவில் பில்டுக்காகக் காத்திருந்து, ‘என் மெஷினில் ஓடுகிறதே’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் டெஸ்டர்களான நாம். எனவே சிக்கல் என்னவென்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், கருவிகள்தாம் புதியவை.

அந்தக் கருவிகளில், கண்டெய்னர்களை (செயலியைத் தேவையானவற்றோடு சேர்த்துத் தனியாக ஓட்டும் பெட்டிகளை) பல கணினிகளில் நிர்வகிக்கும் குபெர்னெடிஸை முதலில் தொடாதீர்கள். நான் அதன் வீடியோக்களைப் பார்த்தே ஆறு மாதங்களை வீணாக்கினேன். லினக்ஸில் ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஏன் நின்றது, நெட்வொர்க் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள், கோப்புக்கு ஏன் அனுமதி இல்லை என்பவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிறகே மற்றவை மனத்தில் நிற்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் பிராஞ்ச் (தனிக் கிளை), மெர்ஜ் (கிளைகளை இணைப்பது) வரை தெளிவாக இருக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் செலினியம் டெஸ்டுகளையே கண்டெய்னர்களை உருவாக்கி இயக்கும் டாக்கரில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் நன்றாக ஓடும் குரோம், கண்டெய்னருக்குள் பாதியில் விழுந்துவிடக்கூடும். டாக்கர் ஒரு கண்டெய்னருக்கு இயல்பாகத் தரும் பகிர்வு நினைவகம் (புராசஸ்கள் பொதுவாகப் பயன்படுத்துவது) 64 எம்பி மட்டுமே. கனமான பக்கங்களைத் திறக்கும்போது குரோமுக்கு அது போதாது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அந்த அளவை ஏற்றி, டெஸ்டுகள் முழுமையாக ஓடும்வரை விடாமல் முயன்றால், கண்டெய்னர் என்றால் என்ன என்பது எந்தப் படிப்பையும்விட நன்றாக விளங்கும். பிறகு அதை ஜென்கின்ஸ் பைப்லைனாக எழுதுங்கள். ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை), டெர்ராஃபார்ம் (சர்வர் போன்றவற்றை நிரலாக எழுதி அமைக்கும் கருவி) ஆகியவற்றைக் கற்க அதன்பின் நேரம் இருக்கிறது.

வெளியே வேலை தேடுவதற்கு முன், இப்போதைய நிறுவனத்திலேயே பில்டு ஜாப்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு வழி திறந்தது அப்படித்தான். இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமேயில் சேர்த்துத் தருகிறோம் என்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். ‘இந்த பில்டு ஏன் உடைந்தது, லாகைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று நேர்காணலில் கேட்டால் அது ஐந்தே நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். டெஸ்டிங்கில் பக்கை (பிழையை) பதிவு செய்து ஒப்படைத்தால் நம் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடும். இங்கே இரவு 2 மணிக்கு புரொடக்ஷன் (பயனர்கள் பயன்படுத்தும் அமைப்பு) நின்றுவிட்டால், அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கும் ஆன்கால் முறை உங்களுடையதாக இருக்கும் வாரத்தில், அதை எழுப்பி நிறுத்தும்வரை நீங்கள் உறங்க முடியாது. சிறு குழந்தைகளோ வயதான பெற்றோரோ வீட்டில் இருந்தால், அந்த முறை எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை வரும் என்பதை வேலையை ஏற்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.