அகில இந்திய வானொலியில் ஒரே நாளில் இத்தனை வகை நிகழ்ச்சிகள் ஏன்?

பக்திப் பாடல், செய்தி, கர்நாடக இசை, உழவர் நிகழ்ச்சி, நாடகம், திரைப்பாடல் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் ஒலிபரப்புவது எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனியார் பண்பலைகள் பெரும்பாலும் திரைப்பாடல்களையே நம்பியிருக்க, 1997 முதல் நாட்டின் பொது ஒலிபரப்பு அமைப்பான பிரசார் பாரதியின் கீழ் இயங்கும் அகில இந்திய வானொலியோ 'பகுஜன ஹிதாய, பகுஜன சுகாய', அதாவது பலரின் நன்மைக்காக, பலரின் இன்பத்துக்காக என்பதையே குறிக்கோளாகக் கொண்டது. ஆகவே எந்த வேளையில் யார் கேட்பார்கள் என்பதைக் கருதியே அதன் நிகழ்ச்சி நிரல் அமைகிறது.

எங்கள் குமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு விடியற்காலைப் பாடல் துணை. நெல்லும் வாழையும் பயிரிடுகிறவருக்கு உழவர் நிகழ்ச்சி தேவை. குளச்சல் கடற்கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் மீனவர்களோ, காற்று, அலை பற்றிய எச்சரிக்கை தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு டிரான்சிஸ்டரின் ஒலியைக் கூட்டுவார்கள். அதை நான் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பாடலுக்காக வானொலியைத் திறந்து வைத்திருப்பதால்தான் அந்த எச்சரிக்கையும் தவறாமல் காதில் விழுகிறது. இந்தக் கலவையின் முதன்மையான பயன் இதுவே என்பது என் கருத்து.

நாகர்கோவிலில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையமே இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை உண்டு.