பஃபருக்குள் இருப்பது வெறும் பைட்டுகள்தான்

காரைக்குடி, பொறியியல் மாணவர்: அண்ணே, சென்சார் அனுப்பும் பஃபரில் (பைட்டுகள் வந்து சேரும் நினைவகப் பகுதி) ஆஃப்செட் 5-இல், அதாவது தொடக்கத்திலிருந்து 5 பைட் தள்ளி, ஒரு 32 பிட் எண் இருக்கிறது. பாயிண்டரை (முகவரியை வைத்திருக்கும் மாறி) இன்ட் வகைக்குக் காஸ்ட் செய்து, அதாவது வகை மாற்றி, படிக்கிறேன். லேப்டாப்பில் ஓடுகிறது, கார்டெக்ஸ் எம்0 என்ற சிறிய சிப் உள்ள போர்டில் ஹார்ட்ஃபால்ட் பிழை வந்து நின்றுவிடுகிறது. போர்டு கோளாறா?

போர்டை விட்டுவிடுங்கள் தம்பி. 4 பைட் எண்ணை 4-ஆல் வகுபடும் முகவரியிலிருந்துதான் அந்தச் சிப்பால் எடுக்க முடியும். உங்கள் லேப்டாப்பின் எக்ஸ்86 வகைச் சிப் இதைப் பொறுத்துக்கொள்ளும், அதனால் அங்கே தெரியவில்லை. ஆனால் அங்கேயும் கோட் தப்புதான். சார் (ஒரு பைட்) அணியாக அறிவித்த இடத்தை இன்ட் (முழு எண்) பாயிண்டர் வழியாகப் படிக்க சி மொழி அனுமதிப்பதில்லை. ஜிசிசி கம்பைலருக்கு ஓ2 என்ற வேகப்படுத்தும் நிலையைக் கொடுத்தால், அது அந்த விதியை நம்பியே ஆப்டிமைஸ் செய்கிறது. ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0-வில் சரியாக வந்த விடை ஓ2-வில் மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். லினக்ஸ் கெர்னல்காரர்கள் அந்த விதியையே அணைத்துவிட்டுத்தான் கம்பைல் செய்கிறார்கள். நமக்கு அது வேண்டாம்.

ஒரு 32 பிட் மாறியை அறிவித்து, அதற்குள் 4 பைட்டை மெம்காப்பி (பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் சி ஃபங்ஷன்) செய்யுங்கள். வேகம் போய்விடுமே என்பீர்கள். அளவு முன்பே தெரிவதால், எக்ஸ்86-இல் ஆப்டிமைசேஷன் போட்டால் ஜிசிசியும் கிளாங் கம்பைலரும் அதை ஒரே கட்டளையாக்கிவிடும். எம்0-வில் பைட் பைட்டாக எடுத்துக் கோக்கும்; கொஞ்சம் செலவுதான், ஆனால் விழாது.

தேவகோட்டை வாசகர்: ஸ்ட்ரக்டுக்கு (பல உறுப்புகள் சேர்ந்த தொகுப்பு) பேக்டு, அதாவது நெருக்கி அடுக்கு என்ற குறிப்பு, போட்டால் போதாதா?

உறுப்புகளுக்கு நடுவே கம்பைலர் விடும் இடைவெளிப் பைட்டுகள் போகும், அவ்வளவுதான். உறுப்பின் முகவரியை எடுத்து வேறு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் பழைய கதைதான். ரஸ்ட் மொழியில் அப்படி ரெஃபரன்ஸ் (முகவரிச் சுட்டு) எடுத்தால் கம்பைலே ஆகாது. நல்ல விஷயம்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை நடத்துபவர்: கல் ஊறும் தொட்டிக்கு மோட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் நெறிமுறை) வெப்பமானி வைத்தோம். 25 டிகிரிக்கு 6400 காட்டுகிறது, ஐயா.

25-ஐ 256-ஆல் பெருக்கிப் பாருங்கள். மோட்பஸ், எண்ணின் மேல்மதிப்புள்ள பெரிய பைட்டை முதலில் அனுப்பும். உங்கள் கணினி சிறியதை முதலில் எதிர்பார்க்கிறது. முதல் பைட்டை 8 பிட் இடப்பக்கம் நகர்த்தி இரண்டாவதோடு சேர்த்தால் எந்தக் கணினியிலும் 25 வரும்.

பள்ளத்தூர் வாசகர்: 'ஆஃப்செட் + நீளம் <= அளவு' என்று சரிபார்த்துவிட்டுத்தான் படிக்கிறேன். பிறகென்ன?

நீளம் எங்கிருந்து வருகிறது? பாக்கெட்டிலிருந்து என்றால் அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. 32 பிட் அன்சைன்டு (கழித்தல் குறி இல்லாத எண்) கூட்டல் நிரம்பினால் பூஜ்ஜியத்துக்குச் சுற்றி வரும். பெரிய நீளம் சோதனையைத் தாண்டிவிடும். முதலில் ஆஃப்செட் அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் நீளத்தை 'அளவு − ஆஃப்செட்' உடன் ஒப்பிடுங்கள்.