நழுவும் காந்தாரம்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற பழைய அமெரிக்க 'கான்' ஸ்ட்ரோபோடியூனரில் (சுழலும் வட்டின் கோடுகளால் சுருதி காட்டும் கருவி) என் வீணையைச் சோதித்தேன். ஷட்ஜத்துக்கு (ஸ) கோடுகள் அசையாமல் நிற்கின்றன. தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரத்துக்கு (க) மட்டும் இடப்பக்கம் நழுவுகின்றன. கருவி பழுதா? – வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: பழுதில்லை அம்மா, காந்தாரம் சரியாக இருப்பதால்தான் நழுவுகிறது! உள்ளே வட்டு ஒரே வேகத்தில் சுழல, தந்தியின் அதிர்வுக்கேற்ப நியான் விளக்கு மின்னுகிறது. இரண்டும் ஒத்தால் கோடுகள் நிற்கும். இடப்பக்கம் போனால் சுருதி இறக்கம். ஆனால் அந்தக் கருவி பியானோவின் சமப் பகுப்புக்கு, அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கும் முறைக்குச் செய்தது. தம்புராவில் கேட்கும் காந்தாரம் (அதிர்வெண் ஷட்ஜத்தோடு 5:4 விகிதம்) அதைவிடச் சுமார் 14 சென்ட் குறைவு (பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் பட்டறைக்கு வரும் பிள்ளைகளிடம், ஷட்ஜத்தை மட்டும் இதில் பாருங்கள், மற்றதைக் காதுக்கு விடுங்கள் என்பேன்.

கருவியை அரை மணி நேரம் சூடேறவிட்டு, 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அளவைச் சரிபாருங்கள்.

டிரான்ஸ்பார்மர் வழியாகத்தானே மின்சாரம் கொடுத்தீர்கள்? அது 120 வோல்ட் கருவி. நம் வீட்டில் 230-240. அவசரத்தில் நேரே செருகிப் புகை பார்த்தவன் நான். பழைய மின்தேக்கிகளையும் மாற்றச் சொல்லுங்கள்.