டெபாசிட்டைத் தராத வீட்டுக்காரர் மீது வழக்குப் போட வக்கீல் வேண்டுமா?

சிங்கப்பூரில், யீஷூனில் ஒன்றரை வருடம் வாடகைக்கு இருந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டைக் காலி செய்து மூன்று மாதம் ஆகிறது. டெபாசிட் 2,400 வெள்ளியைக் கேட்டால், பெயிண்ட் அடித்ததற்கே சரியாகப் போய்விட்டது என்கிறார் வீட்டுக்காரர். வக்கீல் வைத்தால் அந்தப் பணமும் போய்விடும். ஒரு நண்பரும் எனக்கு 3,000 வெள்ளி கடன் தர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடலாமா?"

வக்கீல் வேண்டாம். வைக்க நினைத்தாலும் விடமாட்டார்கள். நாமெல்லாம் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று சொல்லும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் உங்கள் சார்பில் வக்கீல் பேச முடியாது, வீட்டுக்காரர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் அவருக்கும் அதே கதிதான். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வீட்டு வாடகை ஒப்பந்தம் 2 வருடத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும், பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாக நுழைந்து இணையத்திலேயே பதியலாம், உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள்: ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா? நிறைய பேர் கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிடுவார்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். இப்போதுகூடக் கட்டலாம், அபராதத்தோடு.

அப்புறம் ஆதாரம். நியாயம் உங்கள் பக்கம் என்று நீங்கள் பத்து நிமிடம் உணர்ச்சியோடு பேசுவதைவிட, குடிவந்த அன்று எடுத்த ஒரு சுவர்ப் படமும், சாவி கொடுத்த அன்று அதே சுவரை எடுத்த படமும் அதிகம் பேசும். டெபாசிட் அனுப்பிய பேநவ் (வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் சேவை) பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் (தேதி தெரியும்படி, நடுவில் வெட்டாமல்), அவர் பெயிண்டருக்குக் கொடுத்ததாகச் சொல்லும் தொகைக்கு ரசீது கேட்டு நீங்கள் அனுப்பிய செய்தி, இவை போதும். தமிழில் பேசியிருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். ஒன்றரை வருடம் மனிதர் குடியிருந்தால் சுவர் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். சாதாரணத் தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பில்லை என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், உங்களுடையதில் அந்த வரியைத் தேடி அடிக்கோடு போடுங்கள். ஆனால் நீங்கள் அலமாரி மாட்ட ஆறு ஓட்டை போட்டிருந்தால் அதற்கான செலவை முதலிலேயே ஒத்துக்கொள்வது நல்லது, மழுப்பினால் மற்றதும் சந்தேகமாகிவிடும்.

பதிந்ததும் நேரே விசாரணை கிடையாது. முதலில் பதிவாளர் முன் கலந்தாய்வு, அங்கே சமரசம் பேசிப் பார்ப்பார்கள். முடியாவிட்டால்தான் நடுவர் நீதிபதியிடம் போகும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குறித்த தேதிக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயம். தீர்ப்பு வந்தாலும் பணத்தை நீதிமன்றமே வசூலித்து உங்கள் கையில் தராது. அவர் கட்டாவிட்டால் அமலாக்க ஆணைக்கு நீங்கள்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குச் செலவும் அலைச்சலும் உண்டு. அதனால் கலந்தாய்வில் "2,000 தருகிறேன், இப்போதே அனுப்புகிறேன்" என்று அவர் இறங்கி வந்தால், நானாக இருந்தால் வாங்கிக்கொள்வேன்.

சரி, நண்பர் கடன். அதைச் சேர்க்க முடியாது, கைமாற்றாகக் கொடுத்த பணத்தை ஸ்மால் கிளெய்ம்ஸ் விசாரிக்காது. 60,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், 3,000 வெள்ளிக்கு அது பெரிய வேலை. ஆனால் பணம் திருப்பித் தர வேண்டிய நாளிலிருந்து 6 வருடம் அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை. இப்போதைக்கு போனில் பேசாமல், "அந்த 3,000 எப்போது தருவாய்?" என்று எழுதி அனுப்புங்கள். "அடுத்த மாதம் தந்துடுறேன் மச்சி" என்று பதில் வந்தால், அது அன்பளிப்பு இல்லை, கடன்தான் என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி.