ஷார்ஜா சேமிப்பில் பழைய மோட்டார் குரூஸர் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. சொந்த ஊர் அதிராம்பட்டினம். ஷார்ஜாவில் 22 வருடம் வேலை பார்த்துவிட்டு அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடப் போகிறேன். என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வைப்பில் 34 லட்சம் இருக்கிறது. கொச்சியில் ஒரு பழைய மோட்டார் குரூஸர் விலைக்கு வந்திருக்கிறது. 26 அடி, கேபின் உண்டு, 115 குதிரைத்திறனில் இரண்டு அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே மாட்டும்) எஞ்சின், 2012-இல் கட்டியது, விலை 16 லட்சம். பாதி கைப்பணம், பாதி கடன். முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டு லகூனில் (கடலோர உப்புநீர் ஏரியில்) ஆளுக்கு 500 ரூபாய் வாங்கி 8 பேரை ஏற்றி ஓட்டினால் கடன் அடைந்துவிடும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 அட்வான்ஸ் கேட்கிறார்கள். மகள் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸை இப்போது அனுப்ப வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு.

ஒரு நடைக்கு என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். 8 பேர் என்றால் 4,000 ரூபாய் வசூல். அலையாத்திக்காட்டு வாய்க்கால்களில் வேகமாக ஓட்ட முடியாது. மெதுவாகப் போனாலும் இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 12 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வர இரண்டரை மணி நேரம், 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே போட்டாலும் 3,000 போய்விட்டது. படகு ஓட்டுபவருக்கும் உதவியாளுக்கும் கூலி கொடுத்தால் கையில் நிற்பது நூறோ இருநூறோ. 8 லட்சம் கடனை 12 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 17,796 ரூபாய். நடைக்கு இருநூறு மிஞ்சினால், ஒரு மாதத் தவணைக்கே 89 நடை வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நடை, ஒரு நாள் விடாமல், எல்லா நடையிலும் 8 பேர். நம் லகூனில் அது நடக்காது.

இதில் இன்ஷூரன்ஸ், எஞ்சின் சர்வீஸ், கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது எதுவும் சேரவில்லை. வருடத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்குவது பொதுவான கணக்கு. பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தாண்டிய படகுக்கு அதுவும் போதாது.

அடுத்து தண்ணீர். இந்தப் படகு நம் தண்ணீருக்குக் கட்டியது அல்ல. டெல்டாவில் இத்தனை ஆறு ஓடுகிறதே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உங்களுக்குத் தெரியும், மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் அடைப்பதுதான் வழக்கம். அப்புறம் பல ஆறுகளில் மணல்தான். கோரையாறும் பாமணியாறும் சேருகிற லகூனிலும் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்தான், கோடையில் இன்னும் குறையும். அவுட்போர்டு என்பதால் எஞ்சினைத் தூக்கிக்கொள்ளலாம், அது ஒரு நல்ல அம்சம். அடியில் ஷாஃப்டும் சுக்கானும் தொங்கும் இன்போர்டு படகு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எஞ்சின் உள்ளேயும் காற்றாடி வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் அதன் ரப்பர் உறைகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், தவறினால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

அனுமதியும் இருக்கிறது. அலையாத்திக்காடு வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. தனியார் படகில் பயணிகளை ஏற்ற எழுத்தில் அனுமதி கிடைக்குமா என்று அவர்களிடமே கேட்டுவிட்டுத்தான் படகைப் பற்றியே யோசிக்க வேண்டும். 2021-ஆம் வருட உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு, படகைச் சோதித்துத் தரும் சர்வே சான்றிதழ், இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று பெற்ற ஓட்டுநர் எல்லாம் வேண்டும். இதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். 2023 மே மாதம் கேரளாவின் தானூரில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 22 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் பலர். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது. அதனால் கொச்சிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, பதிவுச் சான்றில் படகின் வகை என்ன, எத்தனை பேருக்கு அனுமதி என்பது.

சரி, வருமானம் வேண்டாம், குடும்பத்தோடு போய்வரத்தான் என்றால் பேச்சு வேறு. இருபது வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் உழைத்தவர் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதற்கு ஒரு வரம்பு போடுவோம். மகளின் படிப்புக்கு 15 லட்சம், வீட்டுச் செலவுக்கு ஒரு வருடப் பணம், இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். ஊரோடு வந்துவிட்டால் என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அதன் பிறகு வட்டிக்கு வரிவிலக்கு கிடையாது. அதையும் கணக்கில் சேருங்கள். படகுக்கு 6 லட்சத்துக்கு மேல் வேண்டாம், கடன் கூடவே கூடாது. அந்தப் பணத்தில் 20 அடியில் ஒற்றை எஞ்சினோடு, தட்டையான அடியுள்ள பழைய ஃபைபர் படகு தேடலாம்.

எந்தப் படகானாலும் பார்க்கும் விதம் ஒன்றுதான். வாடிக்கையாளர் ஒருவருக்காக நாகப்பட்டினத்தில் படகு பார்க்கப் போனபோது, கூட வந்த மெக்கானிக் பெயின்ட் பளபளப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் மேல் கை வைத்தார். சூடாக இருந்தது. “நமக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க” என்றார். ஆறின எஞ்சின் முதல் தடவையிலேயே கிளம்புகிறதா என்று தெரியாமல் இருக்கத்தான் அது. அப்புறம் கியர் ஆயில் திருகைக் கழற்றி விரலில் தொட்டுக் காட்டினார்: பால் விட்ட காபி நிறம். சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பின்பலகையில் எஞ்சின் மாட்டியிருக்கும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்று வந்த ஓசை ஓர் இடத்தில் தொப் என்று விழுந்தது. உள்ளே மரம் மக்கியிருந்தது. அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிட்டோம். சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் வார்த்த ஃபைபர் படகுகளைப் பார்த்த நம் கரைக்காரர்களுக்கு அந்தத் தொப் ஓசை நன்றாகத் தெரியும்.

ஆகவே படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றிப் பார்க்க வேண்டும், பிறகு ஆட்களை ஏற்றி இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். படகைச் சோதிக்கும் சர்வேயர் நீங்கள் அமர்த்துகிறவராக இருக்கட்டும், விற்கிறவர் காட்டுகிறவர் வேண்டாம். சோதனையில் தேறாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். எஞ்சின் எண்கள் பதிவோடு பொருந்துகிறதா, படகின் மேல் கடன் ஏதும் நிற்கிறதா என்றும் பாருங்கள். இன்ஷூரன்ஸில், கட்டிப் போட்டிருக்கும்போது புயல் அடித்தால் பணம் வருமா என்று கேளுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது நம் கரையில் பல படகுகள் கட்டிய இடத்திலேயே உடைந்தன.

இந்த வருடக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா? அப்போது ஓர் உள்ளூர்ப் படகைப் பேசிக்கொண்டு, கடல்நீர் வற்றும் நேரத்தில் ஜாம்பவானோடையிலிருந்து லகூன் வரை போங்கள். கையில் அடி குறித்த ஒரு மூங்கில் கழி இருக்கட்டும். ஐம்பது இடத்தில் ஊன்றி ஆழத்தை நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்தப் படகு என்று அதை வைத்துப் பேசுவோம்.