கோடிங் இல்லாமல் டேபிள், அப்ரூவல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்க ஜாப் ஒர்க்குக்கு (வெளியாளிடம் கூலிக்குச் செய்யக் கொடுப்பது) லெதர் அனுப்புகிறோம். சலான் (சரக்கோடு போகும் சீட்டு) விவரம் எல்லாம் ஒரே எக்ஸெல் ஷீட்டில் இருக்கிறது. அதை அப்படியே ஆப்ஷீட்டில் (கோடிங் இல்லாமல் ஆப் செய்யும் கூகுள் கருவி) ஏற்றினால் போதுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: ஏற்றினால் ஆப் ஓடும். ஆனால் ஒரு சலானில் நான்கு லாட் போனால் பார்ட்டி பெயர், ஜிஎஸ்டி எண், தேதி எல்லாம் நான்கு முறை பதிவாகும். அதில் ஒன்றைத் தப்பாக அடித்தாலும் ஒரே சலான் இரண்டு பார்ட்டிக்குப் போனதாகக் கணக்கு காட்டும்.

ஐந்து டேபிள் போடுங்கள். பார்ட்டி மாஸ்டர், ஐட்டம் மாஸ்டர், சலான் (எண், தேதி, பார்ட்டி, வண்டி எண்), சலான் விவரம் (லாட், ஐட்டம், சதுர அடி, ரேட்), திரும்ப வந்த விவரம். ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அனுப்பிய சரக்கு மூன்று தவணையாகத் திரும்பும்போது, ‘வந்தது’ என்ற ஒரே கட்டத்தில் பழைய எண்ணை அழித்துப் புதிதை எழுதினால் முந்தைய தேதிகள் போய்விடும். ஒவ்வொரு வரவையும் தனிப் பதிவாகப் போட்டு, நிலுவையை ஃபார்முலாவிடம் விடுங்கள்.

உங்கள் தொழிலில் இன்னொரு சிக்கல்: போவது சதுர அடி, வருவது ஜோடி. அதனால் ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி என்ற அளவையும் சலான் விவரத்திலேயே வையுங்கள். 1,200 சதுர அடி அனுப்பி, ஜோடிக்கு 2 சதுர அடி கணக்கில் 500 ஜோடி வந்தால் 1,000 நேராகிவிட்டது. மீதி 200 அவர்கள் கையில் லெதராக இருக்கிறதா, ரிஜெக்டில் போனதா என்று கேட்க அந்த எண் வேண்டும். பையர் சதுர டெசிமீட்டரில் கேட்டால் 9.29-ஆல் பெருக்கிக் காட்டுங்கள். டேபிளில் ஒரே அலகுதான் இருக்க வேண்டும்.

ரேட் கட்டத்தில் கவனம் தேவை. மாஸ்டரிலிருந்து ரேட்டை ‘ஆப் ஃபார்முலா’வில் (ஒவ்வொரு சேவிலும் மறுபடி கணக்கிடுவது) எடுத்தால், பழைய சலானைத் திறந்து வண்டி எண்ணைத் திருத்தி சேவ் செய்தாலே இன்றைய ரேட் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘இனிஷியல் வேல்யூ’வில் (புதிய பதிவு போடும்போது மட்டும் நிரப்புவது) எடுத்தால் அன்றைய ரேட் அப்படியே நிற்கும். ஜோடிக்கான அளவுக்கும் இதே முறைதான்.

ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் கீ ஆக ரோ நம்பரை வைக்க வேண்டாம். நடுவில் ஒரு பதிவை நீக்கினால் கீழே உள்ளவை எல்லாம் மேலே ஏறி, ஒருவருடைய வரவு இன்னொருவர் சலானில் ஒட்டிக்கொள்ளும். சலான் எண்ணும் கீ ஆக உதவாது. நெட் இல்லாத நேரத்தில் இரண்டு போன்களில் ஒரே எண் விழக்கூடும். ஆப்ஷீட் தானாக உருவாக்கும் யுனிக் ஐடியைக் கீ ஆக்கி, சலான் எண்ணைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி சலான் எண் வரிசையாகவும் 16 எழுத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

அனுப்பிய தேதியோடு ஓராண்டைக் கூட்டி ஒரு கட்டமும் போடுங்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். 330-வது நாளே அலர்ட் வரட்டும்.

கேள்வி: ஈஆர்பி நெக்ஸ்டில் (நிறுவனக் கணக்கு, கொள்முதல், ஸ்டாக்கைக் கவனிக்கும் மென்பொருள்) பர்ச்சேஸ் ஆர்டர் 25,000 ரூபாய் வரை மேனேஜர், அதற்கு மேல் முதலாளி அப்ரூவ் செய்ய வேண்டும் என்று ஒர்க்ஃப்ளோ (யார், எந்த வரிசையில் அப்ரூவ் செய்வது என்ற அமைப்பு) போட்டோம். சரியாக 25,000 வந்தால் இருவருக்கும் பட்டன் வரவில்லை. அப்ரூவ் ஆன ஆர்டரில் ரேட் மாறியும் இருக்கிறது.
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஒரு நிபந்தனையில் ‘குறைவு’, மற்றதில் ‘அதிகம்’ என்று போட்டிருப்பீர்கள். ‘சமம்’ இரண்டிலும் சேரவில்லை. மேனேஜர் பக்கம் ‘குறைவு அல்லது சமம்’ என்று மாற்றுங்கள். வரம்பு ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் முடிவு செய்யுங்கள். 22,000 ரூபாய் சரக்குக்கு 18% சேர்ந்தால் 25,960. மேனேஜர் தன் அதிகாரத்துக்குள் என்று நினைத்தது முதலாளியிடம் போய் நிற்கும்.

ரேட் மாறியதுதான் பெரிய விஷயம். அப்ரூவல் என்பது பூட்டு. செய்தி போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. ஒர்க்ஃப்ளோவில் ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் (ஆர்டர் இருக்கும் நிலை) ‘டாக் ஸ்டேட்டஸ்’ என்ற எண் உண்டு: 0 டிராஃப்ட், 1 சப்மிட், 2 கேன்சல். ‘அப்ரூவ்டு’ என்று பெயர் வைத்துவிட்டு எண்ணை 0-விலேயே விட்டிருந்தால், அது இன்னும் டிராஃப்ட்தான். திருத்தும் உரிமை உள்ள யாரும் மாற்றலாம். 1 ஆக்குங்கள். சப்மிட் ஆன பர்ச்சேஸ் ஆர்டரிலும் ‘அப்டேட் ஐட்டம்ஸ்’ பட்டன் வழியாக அளவும் ரேட்டும் மாற்ற வழி உண்டு, அது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

டிரான்சிஷனில் (ஒரு ஸ்டேட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் படி) ‘அலோ செல்ஃப் அப்ரூவல்’, அதாவது ஆர்டர் போட்டவரே அப்ரூவ் செய்யும் அனுமதி, டிக் தானாகவே இருக்கும், எடுத்துவிடுங்கள். ‘ரிஜெக்ட்’ ஆனது டிராஃப்டுக்குத் திரும்ப ஒரு பாதை வேண்டும், இல்லாவிட்டால் கிளார்க் அதே ஆர்டரை மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். முதலாளி ஊரில் இல்லாத நாளுக்கு மாற்று ஆளுக்குத் தனி ரோல் கொடுங்கள். பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் யார் அப்ரூவ் செய்தார் என்ற பதிவுக்கு மதிப்பே இல்லை.

40,000 ரூபாய் ஆர்டரை 20,000-மாக இரண்டாக உடைப்பதை எந்த ஒர்க்ஃப்ளோவும் தானாகப் பிடிக்காது. ஒரே சப்ளையர், ஒரே நாள் என்று கூட்டிக் காட்டும் ரிப்போர்ட் ஒன்றை வாரம் ஒருமுறை முதலாளி பார்க்கட்டும்.

கேள்வி: பவர் ஆட்டோமேட்டில் (வேலைகளைத் தானாக ஓட வைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) மெஷின் வாங்கும் அப்ரூவல் ஒரு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்தது. பிறகு அப்ரூவ் செய்தும் எதுவும் நடக்கவில்லை.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அங்கே ஒரு ஃப்ளோ (தானாக ஓடும் வேலை வரிசை) ஒருமுறை ஓடத் தொடங்கினால் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு பட்டனை அழுத்தினாலும் கேட்க ஆள் இல்லை. ஸ்டேட்டஸை, கோரிக்கைகளைப் பதியும் லிஸ்டில் ஒரு கட்டமாக வைத்து, தினமும் ஓடும் தனி ஃப்ளோ ஒன்று 25 நாள் தாண்டியவற்றுக்கு மறுபடி அப்ரூவல் அனுப்பும்படி அமையுங்கள். பழையதையும் கேன்சல் செய்ய வேண்டும், இல்லையேல் இரண்டு அப்ரூவல் சுற்றும்.

கேள்வி: ஆப்ஷீட்டில் அப்ரூவ் ஆன பதிவில் சின்னத் திருத்தம் செய்தாலும் சப்ளையருக்கு மறுபடி மெயில் போகிறது.
– வாசகர், வாலாஜாப்பேட்டை

பதில்: தானாக மெயில் அனுப்பும் பாட்டின் (bot) நிபந்தனையில் ஸ்டேட்டஸ் ‘அப்ரூவ்டு’ என்று மட்டும் இருக்கிறது. திருத்துவதற்கு முன் அது ‘அப்ரூவ்டு’ அல்ல, பின் ‘அப்ரூவ்டு’ என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: சம்பளக் கட்டத்தை ஹைட் செய்தால் சூப்பர்வைசர் பார்க்க முடியாதல்லவா?
– வாசகி, வேலூர்

பதில்: திரையில் தெரியாது. ஆனால் தகவல் அவர் போனில் இறங்கியிருக்கும். ஆப்ஷீட்டில் ஹைட் செய்வதும் ஸ்லைஸ் (டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டுவது) போடுவதும் பாதுகாப்பு ஆகாது. சம்பளத்தைத் தனி டேபிளாக்கி, அதற்கு செக்யூரிட்டி ஃபில்டர் (உரிமை இல்லாதவர் போனுக்குப் பதிவு போகாமல் தடுப்பது) போடுங்கள். பின்னால் இருக்கும் கூகுள் ஷீட்டையும் அவரோடு ஷேர் செய்யாதீர்கள்.